கொண்டைக்குள் ஒரு பம்பரம்

அண்ணன் மூன்று நாளாகப் பம்பரத்தைத் தேடிக்கொண்டிருந்தான். குலுக்கைக்குப் பின்னால், மாட்டுத் தொழுவத்தில், பக்கத்து வீட்டு ஓட்டின் மேல் என்று எங்கெங்கோ தேடினான். சந்தேகத்தின் பேரில் இரண்டு பேரோடு சண்டையும் போட்டுவிட்டு வந்தான். பம்பரம் என் கொண்டைக்குள் இருந்தது.

காரணத்தோடுதான் இருந்தது. எதிரிகள் என்னைப் பிடித்துத் துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு ஓர் அறையில் அடைத்தால், நான் முடியை அவிழ்த்து உள்ளிருந்து ஆயுதத்தை உருவ வேண்டும். 1985இல் எழுமலையில் ஏழாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தவளிடம் ஏது துப்பாக்கி, யார் எதிரி என்றெல்லாம் கேட்கக் கூடாது. கணக்கு டீச்சர் ஒருவர் இருந்தார். அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் அப்பத்தா பேன் பார்க்க உட்கார்ந்தது. கொண்டையை அவிழ்த்ததும் பம்பரம் அதன் மடியில் விழுந்து, ஆணி சுருக்குப்பையில் குத்தி நின்றது.

“ஏண்டி, பேன் பாக்கக் கூப்பிட்டா பம்பரத்தப் பெத்துப் போடுற?”

மாட்டிக்கொண்டேன். வேறு வழியில்லாமல் உள்ளே போய்ப் பாயின் அடியிலிருந்த புத்தகத்தை எடுத்து வந்து காட்டினேன். அட்டை போன புத்தகம். கடைசியில் சில பக்கங்களும் போயிருந்தன. அண்ணன் யாரிடமோ மாற்றுக்கு வாங்கி வந்து, நாலு பக்கம் புரட்டிவிட்டு, “பொம்பளக் கதை” என்று எறிந்தது. அவனுக்கு இரும்புக்கை மாயாவியும் ஸ்பைடரும்தான் மனுசர்கள். எறிந்ததை நான் எடுத்தேன். நாற்பது வருடமாகக் கீழே வைக்கவில்லை.

மாடஸ்டி பிளைசி. சித்திரக்கதைப் பிரியர்கள் வாயில் இளவரசி. இன்றைக்கும் அந்தப் பெயரை எங்காவது அச்சில் பார்த்தால் என் கை தானாகப் பின்னந்தலைக்குப் போகிறது. சிரிக்காதீர்கள். ஐம்பதைத் தாண்டிய பெண்ணுக்கு ஒரு பைத்தியம்கூட இல்லையென்றால் அவள் என்னத்துக்கு ஐம்பதைத் தாண்டினாள்?

அப்பத்தாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் படம் தெரியும். அன்றைக்குத் திண்ணையில் என் தலையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையால் பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்த்தது. கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பெண். உயரக் கொண்டை. நாலு தடியன்கள் சுற்றி நிற்கிறார்கள். அடுத்த கட்டத்தில் அவள் கை கொண்டைக்குப் போகிறது. அதற்கடுத்த கட்டத்தில் முடி அவிழ்ந்து தோளில் விழுகிறது, உள்ளங்கையில் ஒரு சின்ன மரக்கட்டை. அதற்குப் பேர் காங்கோ. இரண்டு முனையும் காளான் குடை போலப் புடைத்திருக்கும். நடுவில் பிடித்துக்கொண்டு, எதிரியின் நரம்பு ஓடும் இடம் பார்த்து ஒரே தட்டு. தடியன் சுருண்டுவிடுவான். என்னிடம் காங்கோ இல்லை, அண்ணனிடம் பம்பரம் இருந்தது. அவ்வளவுதான் நடந்தது.

“யாருடி இவ?” என்றது அப்பத்தா. “இங்கிலீஷ்காரிதான, நம்மூர்க்காரி மாதிரி நடக்குறா.”

இதைவிடச் சிறந்த விமரிசனத்தை நான் இன்றுவரை எங்கும் படித்ததில்லை.

“இந்தப் பய யாரு? புருசனா?”

“இல்ல அப்பத்தா. கூட்டாளி. வில்லி கார்வின்னு பேரு. கத்தி எறிவான்.”

“புருசன் இல்லேன்ற, கூடவே சுத்துறான்ற.”

“இளவரசின்னுதான் கூப்புடுவான்.”

அப்பத்தா கொஞ்சம் யோசித்தது. “அப்பச் சரி” என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. ஊரே தலையில் தூக்கிவைத்து ஆடுகிற ஒரு கேள்வியை அப்பத்தா இரண்டு சொல்லில் முடித்த விதத்தை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. கடைசியாகப் பக்கம் கிழிந்த இடம் வந்தது. மாடஸ்டி ஒரு படிக்கட்டில் நிற்கிறாள், மேலே யாரோ வருகிறார்கள், அதோடு சரி.

“கடேசில என்னாச்சு?”

“தெரியல அப்பத்தா. கிழிஞ்சுபோச்சு.”

“என்னத்த ஆகும்? அத்தன பேரையும் அடிச்சுப் போட்டுட்டு, முடிய அள்ளிச் சொருகிக்கிட்டு வீட்டுக்குப் போயிருப்பா. போயி, ஒரு பாட்டம் அழுதுருப்பா.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மாடஸ்டியாவது, அழுவதாவது! அப்பத்தாவுக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவு கட்டினேன். அந்த அழுகையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

புத்தகம் சிவகாசியில் அச்சானது என்பது பிறகு தெரிந்தது. எழுமலைக்கும் சிவகாசிக்கும் என்ன தூரம்? பேரையூர், டி.கல்லுப்பட்டி என்று பஸ் மாறிப் போனால் ஒரு காலைப் பொழுதுக்குள் போய்விடலாம். எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கிய காலண்டரும், தீபாவளிச் சரவெடி மேல் ஒட்டிய படமும் அங்கிருந்துதான் வந்தன. அதே ஊரில் 1972இல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு தொடங்கியது முத்து காமிக்ஸ். 1984 ஜூலையில் அதே குடும்பத்தின் அடுத்த தலைமுறையிலிருந்து, பள்ளிக்கூட வயதை அப்போதுதான் தாண்டிக்கொண்டிருந்த எஸ். விஜயன் ஆசிரியராகி, லயன் காமிக்ஸைக் கொண்டுவந்தார். முதல் இதழின் பெயர் ‘கத்தி முனையில் மாடஸ்டி’.

கவனியுங்கள். சிங்கம் என்று பெயர் வைத்துக்கொண்ட பத்திரிகை. வாங்கப்போகிறவர்கள் பெரும்பாலும் அரைக்கால் சட்டைப் பையன்கள். முதல் இதழின் முகப்பில் நிறுத்தியதோ ஒரு பெண்ணை! அதே 1984 ஜூலையில்தான் ராணி காமிக்ஸும் பிறந்தது. அவர்கள் ஜேம்ஸ் பாண்டோடு ‘அழகியைத் தேடி’ என்று வந்தார்கள். ஒரே மாதத்தில் தமிழ்நாட்டுப் பெட்டிக்கடைக் கயிற்றில் ஒரு பக்கம் அழகியைத் தேடுகிறவன், இன்னொரு பக்கம் தன்னை யாரும் தேடித் தர வேண்டிய அவசியமே இல்லாத ஒருத்தி. இந்தக் காட்சியை நினைத்து நினைத்து நான் அடையும் சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

பாண்டுக்கும் இவளுக்கும் ஒரு பழைய ஒட்டும் உண்டு. மாடஸ்டியை எழுதிய பீட்டர் ஓ’டானல், 1960இல் லண்டன் ‘டெய்லி எக்ஸ்பிரஸ்’ பத்திரிகைக்காகப் பாண்டின் ‘டாக்டர் நோ’வைச் சித்திரக்கதையாக மாற்றி எழுதியவர். அதற்குப் பிறகுதான், இதையெல்லாம் ஒரு பெண் செய்தால் என்ன என்று வந்தார். ஓவியர் ஜிம் ஹோல்டவேயோடு சேர்ந்து 1963 மே 13 அன்று லண்டன் ‘ஈவ்னிங் ஸ்டாண்டர்ட்’ மாலைப் பத்திரிகையில் ஆரம்பித்தார். 2001 ஏப்ரல் 11 வரை ஓடியது. முப்பத்தெட்டு வருடம்! நிறுத்திய அன்று அவருக்கு எண்பத்தோராவது பிறந்தநாள். நடுவில் ஓவியர்கள் மாறினார்கள், பிரதமர்கள் மாறினார்கள். எழுதிய கை மட்டும் மாறவேயில்லை. ஒரு பெண்ணை ஒரு ஆண் முப்பத்தெட்டு வருடம் சலிப்பில்லாமல், மரியாதை குறையாமல் எழுதியிருக்கிறார் என்பதை எங்கள் வீட்டு ஆண்களிடம் அவ்வப்போது சொல்லிவைப்பது என் வழக்கம்.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். மாடஸ்டி வந்தது ஒரு சின்னப் பெண்ணிலிருந்து.

1942. ஓ’டானலுக்கு இருபத்திரண்டு வயது. பிரிட்டிஷ் ராணுவத்தின் சமிக்ஞைப் பிரிவில், வடக்குப் பாரசீகத்தில் ரேடியோ வண்டியோடு கிடக்கிறார். போர் துரத்திய அகதிகள் கூட்டம் கூட்டமாகத் தெற்கே போய்க்கொண்டிருக்கிறார்கள். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் ஒரு சிறுமி வருகிறாள். தனியாக. பன்னிரண்டை ஒட்டிய வயது. கந்தல். கையில் ஒரு மூட்டை. கழுத்தில் கயிறு; கயிற்றில், ஒரு மரத்துண்டில் ஆணியைக் கட்டி அவளே செய்துகொண்ட ஆயுதம்.

சோறு கொடுத்தார்கள். சாப்பிட்டாள். வழிக்கும் கொஞ்சம் உணவு கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு ஒரு சிரிப்புச் சிரித்தாள். அப்புறம் திரும்பிப் பார்க்காமல், தலை நிமிர்ந்து, ஒரு இளவரசி போல நடந்து போனாள். ஓ’டானலால் அந்த நடையை மறக்க முடியவில்லை. இருபது வருடம் கழித்து, இவ்வளவையும் செய்யக்கூடிய ஒரு பெண் எங்கிருந்து வந்திருப்பாள் என்று யோசித்தபோது அந்தப் பெண்தான் நினைவுக்கு வந்தாள் என்று அவரே எழுதியிருக்கிறார்.

இதை நான் படித்தபோது எனக்கு நாற்பது வயது. மதுரையில், ஆபீசில், சாப்பாட்டு நேரத்தில். தயிர்சாத டப்பா திறந்தபடி இருக்க, சோற்றைப் பிசையாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மரத்துண்டு, அதில் ஒரு ஆணி. அது பம்பரம் இல்லையா? அண்ணனின் பம்பரம் இல்லையா அது! எழுந்து போய்ப் பாத்ரூமில் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

கதைக்குள் அந்தச் சிறுமி கிரீஸ் நாட்டு அகதி முகாம் ஒன்றிலிருந்து தப்பி ஓடுகிறாள். யார் பெற்றது, எந்த ஊர், என்ன பேர் எதுவும் அவளுக்கே தெரியாது. மத்தியக் கிழக்கு முழுக்க நடந்தே திரிகிறாள். வழியில் லாப் என்ற முதியவர் சேர்கிறார். ஹங்கேரிக்காரர், யூதர், படித்தவர், அகதி. அவரால் சண்டை போட முடியாது, இவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆக, இவள் அவரைக் காப்பாற்றுகிறாள். அவர் இவளுக்குப் பாடம் சொல்கிறார். நடந்துகொண்டே ஒரு பள்ளிக்கூடம். மாடஸ்டி என்று பேர் வைத்தது லாப். அடக்கம் என்று அர்த்தம். கிழவருக்குக் குசும்பு. பிளைசி என்பதை அவளே எடுத்து வைத்துக்கொண்டாள். ஆர்தர் அரசன் கதையில் மெர்லின் என்ற மந்திரவாதிக்கு ஒரு குரு வருகிறார். அவர் பேர் அது. பெரியவர் சாகிறார், புதைக்கிறாள், நடக்கிறாள். மொராக்கோவின் டாஞ்சியர் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்து, ஒரு சிறிய குற்றக் கும்பலில் வேலைக்குச் சேர்ந்து, இருபது வயது நிறைவதற்குள் அந்தக் கும்பலுக்கே தலைவியாகிறாள். இத்தனையையும் 1966இல் ஹோல்டவே சில ஸ்ட்ரிப்களுக்குள் வரைந்து முடித்திருக்கிறார். நாவலாசிரியர்கள் அறுநூறு பக்கம் எடுத்துக்கொள்வார்கள்.

அந்தப் பேர் விஷயத்தில்தான் நான் விழுந்தேன்.

என் வகுப்பில் இரண்டு போதும்பொண்ணு இருந்தார்கள். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வரிசையாகப் பெண்ணாகப் பிறந்தால், இனிப் பெண் போதும் சாமி என்று கடைசிப் பிள்ளைக்கு வைக்கிற பேர். வாத்தியார் தினமும் காலையில் வருகைப் பதிவேட்டை எடுத்து “போதும்பொண்ணு” என்பார். “உள்ளேன் ஐயா” என்று இரண்டு குரல் கேட்கும். அன்றைக்கு அது எங்களுக்கு வெறும் பேர். அதில் ஒருத்தி என் பெஞ்சுக்காரி. நான் அட்டையில்லாத புத்தகத்தைப் புவியியல் புத்தகத்துக்குள் மறைத்துவைத்து, தனக்குத் தானே பேர் வைத்துக்கொண்ட பெண்ணின் கதையை அவளுக்குச் சொன்னேன். அவள் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து ரொம்ப நேரம் என்னவோ எழுதினாள். எட்டிப் பார்த்தால், தனக்காகப் பேர்கள் எழுதி எழுதி அடித்திருந்தாள். பதினேழு பேர். ஒன்றும் பிடிக்கவில்லையாம்.

மறு வருடம், 1986 ஜூனில், ‘இந்தியா டுடே’ உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் சிசுக்கொலையை அட்டைக் கட்டுரையாகப் போட்டது. அதன் பிறகு எங்கே போய் ஊர்ப் பேரைச் சொன்னாலும் ஒரு பார்வை வரும். மதுரையில் கல்லூரி விடுதியில் வந்தது, வேலைக்குப் போன இடத்தில் வந்தது. ஐயோ பாவம், தப்பிச்சு வந்துட்டியா என்கிற பார்வை. நடந்தது கொடுமை, நடக்கவே இல்லை என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்தப் பார்வை இருக்கிறதே, அதற்கு எதிராக என்னிடம் இருந்த ஒரே ஆள் மாடஸ்டி. அவளைப் பார்த்து யாரும் உச்சுக்கொட்ட முடியாது. ஓ’டானல்கூட அந்தச் சிறுமிக்குச் சோறுதான் போட்டார், பரிதாபப்படவில்லை. அவள் நடந்த நடையில் அதற்கு இடமில்லை. பெண்ணை மையமாக வைத்து எழுதிய எத்தனையோ கதைகளைப் படித்துவிட்டேன். பாதியில் அவள் பாவமாகிவிடுவாள், மீதியில் தெய்வமாகிவிடுவாள். மாடஸ்டி இரண்டும் ஆகவில்லை. முன்னாள் திருடி. அதற்காக ஒருநாளும் வருந்தியதில்லை. சம்பாதித்ததை வைத்து லண்டனில் ஹைட் பார்க் தெரிகிற மாடி வீட்டில் வசதியாக இருக்கிறாள். சும்மா இருக்க முடியவில்லை, போரடிக்கிறது. அதனால் பிரிட்டிஷ் உளவுத்துறைப் பெரியவர் சர் ஜெரால்ட் டாரன்ட் வந்து உதவி கேட்டால் கிளம்புகிறாள். இவ்வளவுதான் அவள் கலகம். முழக்கம் இல்லை. தனக்கு இது பிடிக்கும், இது பிடிக்காது என்பதை யாரிடமும் காரணம் சொல்லாமல் வைத்துக்கொள்கிறாள். எழுமலையில் அந்த வயதில் எனக்கு அதைவிடப் பெரிய புரட்சி எதுவும் தெரியாது. கண்மாய்க் கரையில் சும்மா உட்கார்ந்திருந்தாலே, “என்னத்துக்கு உக்காந்திருக்க?” என்று மூன்று பேர் கேட்பார்கள்.

வில்லி கார்வினைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதலாம். சைகோன் சிறையில் கிடந்த முரடன். அவனை வெளியே எடுத்து, வேலை கொடுத்து, நம்பியவள் அவள். அவன் அப்படியே வேறு மனிதனாகிவிட்டான். அன்றிலிருந்து முப்பத்தெட்டு வருட ஸ்ட்ரிப்பிலும் அவள் இளவரசி, அவன் வில்லி. காதல் இல்லை, கல்யாணம் இல்லை, அண்ணன் தங்கை என்ற சமாதானமும் இல்லை. அவளுக்குக் காதலர்கள் உண்டு, அவனுக்குக் காதலிகள் உண்டு, அதை இருவரும் சாதாரணமாகப் பேசிக்கொள்வார்கள். வேறொருவர் கையில் சிக்கியிருந்தால் இருபதாவது கதையிலேயே தாலி கட்ட வைத்திருப்பார்கள். ஓ’டானல் கடைசிவரை அசையவில்லை. அவருக்குக் கோயில் கட்டலாம்.

ஓவியம்! ஐயா, அந்த ஓவியம்! தினசரிப் பத்திரிகையில் ஒரு நாளைக்கு மூன்று கட்டம், நீளவாக்கில் ஒரு பட்டை. முதல் கட்டம் நேற்று விட்ட இடத்தைத் தொட வேண்டும், இரண்டாவதில் ஏதாவது நடக்க வேண்டும், மூன்றாவதில் நாளைக்குப் பத்திரிகை வாங்க வைக்கிற மாதிரி ஒரு கொக்கி மாட்ட வேண்டும். தமிழில் புத்தகமாக வரும்போது அந்தப் பட்டைகளை ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்குவார்கள். அதனால் ஒரே பக்கத்தில் இரண்டு மூன்று நாள் கொக்கிகள் கிடக்கும். மூச்சு விட முடியாது. அண்ணனைத் தவிர வேறு யாரும் மாடஸ்டி கதையைப் பாதியில் மூடிவைத்து நான் பார்த்ததில்லை என்றால், காரணம் இந்த அடுக்குத்தான்.

ஹோல்டவேயின் கோடு கறுப்பை நம்பி நிற்கிற கோடு. முகத்தில் பாதி நிழல், சுவரில் பாதி நிழல். மட்டமான நியூஸ்பிரிண்டில், மை கொஞ்சம் பரவினாலும் அழகு கெடாது. பரவினால் இன்னும் அழகு. 1970இல் ஒரு கதையின் நடுவிலேயே அவர் காலமாகிவிட, ஸ்பெயின்காரர் என்ரிக் ரொமேரோ அந்தக் கதையை எடுத்து முடித்தார். ரொமேரோவின் மாடஸ்டி இன்னும் அழகி என்பார்கள். இருக்கலாம். ஆனால் ஹோல்டவேயின் மாடஸ்டிக்குத் தூக்கம் போதாத கண்கள். எனக்கு அவள்தான். இந்த விஷயத்தில் நான் யாரோடும் சமரசத்துக்கு வரமாட்டேன்.

தமிழில் வந்த சில பழைய கட்டங்களில் அவள் உடை மேல் கூடுதலாகக் கொஞ்சம் கறுப்பு மை ஏறியிருக்கும். லண்டனில் முதுகு தெரிந்த கவுன் இங்கே வரும்போது கழுத்து வரை மூடிய சட்டையாகியிருக்கும். சிரிப்பாக இருக்கும். அந்த மை பூசிய கைக்கு நான் கடன்பட்டவள். அது இல்லாவிட்டால் எங்கள் வீட்டு வாசற்படியை அவள் தாண்டியிருக்கவே முடியாது.

ஓ’டானலைப் பற்றி இன்னொரு செய்தி. மேடலின் பிரென்ட் என்று ஒரு பெண் நாவலாசிரியர் இருந்தார். தனித்துவிடப்பட்ட இளம்பெண்களின் சாகசக் காதல் கதைகளாக எழுதி, 1978இல் பிரிட்டனின் காதல் நாவலாசிரியர் சங்கத்தின் விருதும் பெற்றார். அந்த அம்மாள் நம் ஓ’டானல்தான். மனைவி பேரில் எழுதிய சுஜாதாவைக் கொண்டாடிய நமக்கு இது புதிதல்ல. ஆனாலும் எனக்கு அந்த மனிதர் மேல் இன்னும் கொஞ்சம் பிரியம் கூடியது.

1966இல் வந்த சினிமாவைப் பற்றிப் பேச வேண்டாம். எழுதியவரே அதில் தன் வரி ஒன்றுதான் மிஞ்சியது என்று நொந்துகொண்டார். ‘பல்ப் ஃபிக்‌ஷன்’ படத்தில் ஜான் டிராவோல்டா கழிப்பறையில் உட்கார்ந்து மாடஸ்டி நாவல் படித்துக்கொண்டிருப்பார். அந்தக் காட்சியை மட்டும் நான்கு தடவை ஓட்டிப் பார்த்தேன். படத்தின் மீதி எனக்குச் சரியாகப் புரியவில்லை.

ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கு ஆகஸ்டில் லயன் வாசகர்கள் கூடுவார்கள். ஒரு வருடம் துணிந்து போனேன். ஒரு கூடம் நிறைய நரைத்த மீசைகள். எல்லோரும் பத்து வயதுப் பையன்கள் போல டெக்ஸ் வில்லரா ஸ்பைடரா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பெண்கள் விரல் விட்டு எண்ணும் அளவு. “யார்மா உங்க ஹீரோ?” என்று ஒருவர் கேட்டார். “இளவரசி” என்றேன். அவர் எழுந்து நின்று கை கொடுத்தார். கல்யாணத்தில்கூட எனக்கு அப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை.

அடங்காத சிறுமிகளைச் சித்திரத்தில் தேடித் தேடிப் படிக்கும் நோய் எனக்கு இவளால் வந்தது. கோவை விடியல் பதிப்பகம் தமிழில் கொண்டுவந்த மர்ஜானே சத்ரபியின் ஈரான் நினைவுகளை ஒரே இரவில் முடித்தேன். கடவுளோடு மல்லுக்கட்டும் அந்தச் சுட்டிப் பெண்ணும், ஓ’டானல் பார்த்த சிறுமி நடந்து போன அதே மண்ணிலிருந்து வந்தவள் என்பது நடுராத்திரியில் உறைத்தது. அர்ஜென்டினாவில் கினோ வரைந்த மஃபால்டா இன்னொருத்தி. சூப்பைக் கண்டால் ஆகாது. உலகத்தைக் கேள்வி கேட்டே கொல்லுவாள். ஆறு வயது. அவளை எங்கள் ஊர்ப் பெஞ்சில் உட்கார வைத்தால் வாத்தியார் ராஜினாமா செய்துவிடுவார். இவர்கள் எல்லோரையும் எனக்குப் பிடிக்கும். இருந்தாலும் கழுத்தில் ஆணியோடு வந்தவள் ஒருத்திதான்.

சம்பளம் வாங்கத் தொடங்கிய பிறகு, டைட்டன் பதிப்பகம் ஆங்கிலத்தில் வெளியிட்ட தொகுப்புகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். 2004 முதல் 2017 வரை மொத்தம் முப்பது. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். அப்படியே நாவல்களுக்கும் போனேன். அங்கேதான் அது இருந்தது.

மாடஸ்டி அழுகிறாள்.

சண்டைக்கு முன்னால் இல்லை. சண்டையில் இல்லை. எல்லாம் முடிந்து, பிழைத்து, ஆபத்து அடங்கிய பிறகு, வில்லி பக்கத்தில் இருக்கும்போது கொஞ்ச நேரம் அழுவாள். அவனுக்கு அது தெரியும். ஏன் என்று கேட்க மாட்டான், தேற்ற மாட்டான், தோளை மட்டும் கொடுப்பான். அழுது முடித்துவிட்டுச் சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்பாள்.

புத்தகத்தை மூடிவிட்டு எழுமலைக்குப் பஸ் ஏறினேன். அப்பத்தா இல்லை, போய்ப் பல வருடமாயிற்று. திண்ணை இருந்தது. முப்பது வயதுக்குள் தாலியறுத்து, மூன்று பிள்ளைகளோடு மானாவாரிப் பருத்தியை நம்பி நின்றவள் அப்பத்தா. பங்காளிகள் வரப்பைத் தள்ளிப் போட்டபோது அரிவாளோடு போய் நின்ற கதையை ஊர் இன்றும் சொல்லும். அன்றைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து என்ன செய்தது என்பதை ஊர் சொன்னதில்லை. எழுத்துத் தெரியாத கிழவி, கிழிந்த பக்கத்தை எப்படி அவ்வளவு சரியாகப் படித்தது என்று அந்தத் திண்ணையில் உட்கார்ந்துதான் எனக்கு விளங்கியது. மேற்கே மலை இருட்டும்வரை அங்கேயே இருந்தேன். “என்னத்துக்கு உக்காந்திருக்க?” என்று இரண்டு பேர் கேட்டார்கள். பதில் சொல்லவில்லை.

ஓ’டானல் 1996இல் எழுதிய கடைசிப் புத்தகத்தில் மாடஸ்டியையும் வில்லியையும் சாகவிட்டுவிட்டார் என்று தெரியும். அந்தக் கதையை நான் படிக்கவில்லை. அலமாரியில் இருக்கிறது, பேப்பர் அட்டை போட்டு, முதுகு சுவர்ப்பக்கம் திரும்பியபடி. சித்திரக்கதையின் கடைசி நாளில் இருவரும் உயிரோடுதான் இருக்கிறார்கள். எனக்கு அது போதும்.

போன வாரம் அண்ணன் மகள் வந்திருந்தாள். மதுரையில் கல்லூரி இரண்டாம் வருடம். கையில் எப்போதும் போன். சும்மா அலமாரியைக் குடைந்தவள் அந்த அட்டையில்லாத புத்தகத்தை எடுத்தாள். பக்கங்கள் பழுப்பேறி, ஓரம் தொட்டால் உதிர்கிறது. நான் ஒன்றும் சொல்லாமல் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். போன் இரண்டு தடவை அடித்தது, எடுக்கவில்லை. கொண்டை அவிழும் பக்கம் எப்போது வரும் என்று எனக்குத் தெரியும். ஓரக்கண்ணால் பார்த்தேன். அவள் கை மெல்லப் பின்னந்தலைக்குப் போனது.

“அத்தை, இது பாதியிலேயே நிக்குது.”

“ஆமா.”

“கடேசில என்னாச்சு?”

சொன்னேன். அப்பத்தா சொன்னதை, அப்பத்தா சொன்ன மாதிரியே.

அவள் கொஞ்ச நேரம் அந்தப் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, முடியை அள்ளிச் சுருட்டி, என் மேஜையில் கிடந்த மைப்பேனாவை எடுத்துக் குறுக்கே சொருகிக்கொண்டு, “வர்றேன் அத்தை” என்று கிளம்பிவிட்டாள். புத்தகத்தையும் எடுத்துப் போனாள். கேட்கவில்லை.

பேனாவை மூன்று நாளாகத் தேடுவது போல நடித்துக்கொண்டிருக்கிறேன்.